சமூகத்தின் அனுமதி பெற்று வரவும்

என்னை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், என் மேலதிகாரியின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததுதான். பயிற்சியின் பெயர் ஒன்றரை வரி நீளம். சுருக்கிச் சொன்னால், அருங்காட்சியகங்களில் பூட்டிவைத்திருக்கும் பழங்குடி மக்களின் பொருள்களை அந்த மக்களே வந்து பார்க்க விடுவது எப்படி என்பது. கதவைத் திறந்தால் போதாதா, இதற்கு எட்டு நாள் பயிற்சியா என்று என் மனைவி கேட்டாள். அவள் அரசு வேலை பார்த்தவள் இல்லை. நான் ஒரு மாவட்ட அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். இருபத்தாறு வருடமாக என் வேலையே கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

முதல் இரண்டு நாள் சிட்னி. கெல்லிவில்லில் மனைவியின் சித்தி மகன் முரளி வீட்டில் தங்கினேன். மென்பொருள்காரன். வீட்டில் ஐந்து குளியலறை, இருப்பது மூன்று பேர். காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கிளம்பிவிடலாம். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"பதினாலு வருஷமா இங்க இருக்கேன் மாமா, ஒரு அபாரிஜினல் ஆளோட நின்னு பேசினதில்ல" என்றான். "ஆனா ஆபீஸ்ல எந்த மீட்டிங்னாலும் அவங்களுக்கு மரியாதை சொல்லித்தான் ஆரம்பிப்போம். போன மாசம் நானே படிச்சேன். நல்லா வந்துச்சுன்னு மேனேஜர் சொன்னாரு."

மறுநாள் பயிற்சியின் தொடக்க விழாவில் நானும் அதைக் கேட்டேன். மேடையேறிய ஒவ்வொருவரும் இந்த மண்ணின் உரிமையாளர்களான பூர்வகுடி மக்களுக்கும், அவர்களில் மறைந்த மூத்தோருக்கும் வாழும் மூத்தோருக்கும் தலைவணங்கிவிட்டே பேச்சைத் தொடங்கினார்கள். நம் ஊர் விழாவில் ஆட்சியரில் ஆரம்பித்து மைக் செட்காரர் வரைக்கும் 'அவர்களே, அவர்களே' போட்டு அரை மணி நேரத்தை ஓட்டுவோமே, அந்த சுகம். வித்தியாசம் ஒன்றுதான். நம் ஊரில் 'அவர்களே' வாங்கியவர்கள் எதிரே முன்வரிசையில் சால்வைக்குக் காத்திருப்பார்கள். இங்கே அரங்கு முழுக்கத் தேடியும் அந்த மூத்தோரில் ஒருவரைக் காணோம். இடைவேளையில் கொடுத்த சுருள் ரொட்டி மட்டும் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் மெல்பன். விமான நிலையத்துக்கு சிவா வேன் கொண்டுவந்திருந்தான். என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவின் மகன். படகில் வந்து இறங்கியவன். வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் தற்காலிக விசாதான். ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை செய்கிறான். வேனில் ஏறியதுமே வெங்காய வாசனை என்னை வரவேற்றது. சிட்னி மேடையில் கிடைத்த வரவேற்பைவிட அது எனக்கு உண்மையாகப் பட்டது.

"என்ன பயிற்சி அண்ணை?" என்று கேட்டான். சொன்னேன்.

"ஃபோர்ம் நிரப்பிற வேலையெண்டால் என்னட்டைக் கேளுங்கோ" என்று சிரித்தான். "இஞ்ச ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லமாட்டினம் அண்ணை. ஓம், நல்லது, வந்ததுக்கு நன்றி எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஃபோர்மைத் தருவினம். கோவிக்கவும் ஏலாது."

சிவாவின் அறை ஸ்பிரிங்வேலில். கடைத்தெருவில் ஒரு பக்கம் வியட்நாம், ஒரு பக்கம் கம்போடியா, நடுவே நம் ஆட்கள் நடத்தும் மளிகைக்கடை. முருங்கைக்காயை நீளவாக்கில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெயர் ஒட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரில் வைத்திருந்தார்கள். அதன் அருமையை அந்த முருங்கைக்காயே அறிந்திருக்காது. எனக்கு அலுவலக ஞாபகம் வந்துவிட்டது.

நான்காம் நாள் அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கிடங்கைக் காட்டினார்கள். பொறுப்பாளர் பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும், மெல்லிய குரல், யாரையும் நோகடிக்கக் கூடாது என்ற கவலை முகத்திலேயே எழுதியிருந்தது. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. ஆளுயர அலமாரிகள், ஒவ்வொன்றிலும் இழுப்பறைகள். எறிதடிகள், கூடைகள், கேடயங்கள், தோலாடைகள் எல்லாம் வெள்ளை மெத்தைகளில் படுத்திருந்தன. எங்கள் கிடங்கில் எலி உண்டு. இங்கே எலிக்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும்.

ஹெலன் 'சமூக அணுகல்' என்று ஒரு வண்ணப் பிரசுரம் கொடுத்தார். அட்டையில் பூர்வகுடிக் குடும்பம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே வழிமுறை இருந்தது. முதலில் வேண்டுகோள், பிறகு உறவுக்கு ஆதாரம், பிறகு சமூகத்தின் அனுமதிக் கடிதம், பிறகு ஆலோசனைக் குழு, பிறகு தேதி. தேதி கிடைத்தால் இரண்டு மணி நேரம். அட்டையில் இருந்தவர்கள் எந்தக் கட்டத்தில் சிரித்தார்கள் என்று போடவில்லை.

"நாளைக்கு ஒரு குடும்ப வருகை இருக்கிறது" என்றார் ஹெலன். "நீங்களெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்."

ஐந்தாம் நாள் காலையில் ரயில் இல்லை. பாதையில் வேலை நடப்பதால் பதிலுக்குப் பஸ் விட்டிருந்தார்கள். ஆரஞ்சு அங்கி போட்ட ஒருவர், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆள்பார்த்து ஆள்பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரில் பஸ் வராவிட்டால் கண்டக்டரைத் திட்டியாவது மனம் ஆறலாம். இவரை என்னவென்று திட்டுவது? பஸ் கிரான்பர்ன் பக்கமிருந்தே நிரம்பி வந்தது. பெரிய கைப்பையை மடியில் வைத்திருந்த ஒரு மூதாட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. சிவப்புக் கம்பளிச் சட்டை, கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, முழங்காலில் பட்டை.

பஸ் அரை மணி நேரமாக ஒரே விளக்குக் கம்பத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சிவா கட்டிக்கொடுத்திருந்த மீன் அடைத்த பன்னை, அவன் பாஷையில் மீன் பணிஸை, பிரித்து அவருக்கு ஒன்று நீட்டினேன். வாங்கிக் கடித்துவிட்டு, "காரம். நல்லாருக்கு. எந்த ஊரு நீ?" என்றார். சொன்னேன். என்ன வேலை என்றார். அதையும் சொன்னேன்.

"ஓகோ, நீயும் பூட்டுக்காரன்" என்றார்.

அவர் பெயர் ஜாய்ஸ். எல்லோரும் 'ஆன்ட்டி ஜாய்ஸ்' என்பார்களாம். நம் ஊரில் ஐம்பது வயதுப் பெண்ணை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் அந்த உறவு அன்றோடு முடிந்தது. இவர்களிடையே அது வயதுக்கும் அறிவுக்கும் சமூகம் தரும் பட்டம், கேட்டு வாங்க முடியாது. ஆறு மணி நேரத் தூரத்திலிருந்து வந்து, கிரான்பர்னில் மருமகள் வீட்டில் தங்கியிருந்தார். என் பயிற்சியின் 'குடும்ப வருகை' இவர்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"எங்கம்மா மிஷன்ல வளந்தவ, எங்க சனங்களைப் பிடிச்சு அடைச்சுவச்ச பாதிரிமாருங்க குடியிருப்பு" என்றார். "ஒன்பது வயசுல, இந்த மியூசியத்துலேர்ந்து ஒரு ஆளு பெட்டியோட வந்தானாம். பிள்ளைங்களை வரிசையா நிக்கவச்சு, மண்டையை அளந்து, முடியை வெட்டி உறைல போட்டுக்கிட்டு, ஆளுக்கு ஒரு மிட்டாய் குடுத்துட்டுப் போயிட்டான். சாகற வரைக்கும் அம்மா மிட்டாயைத் தொடல. இப்ப மிஷன் மயானத்துல இருக்கா. ஆனா முழுசா இல்ல. கொஞ்சம் இங்க டிராயர்ல இருக்கு. அதைக் கொண்டுபோய் அவகூட வைக்கணும். எனக்கு முட்டி போச்சு, இதுக்கு மேல என்னால வர முடியாது."

இது மூன்றாவது முறையாம். முதல் தடவை, அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, இருக்கலாம், ஆனால் அது சமூகத்தின் அனுமதியோடுதான் திறக்கக்கூடிய பகுதி, சமூகத்திடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள்.

"நான்தாம்மா சமூகம், நேர்லயே வந்திருக்கேனேன்னு சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு ரொம்ப நன்றின்னுச்சு" என்றார் ஆன்ட்டி. அந்தக் கடிதத்தையும் இந்த முறை வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தார். அதில் கையெழுத்துப் போட்டது அவருடைய தங்கை.

ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஹெலன் முதலில் மண்ணின் மூத்தோருக்கு மரியாதை செலுத்தினார். மூத்தோர் மீன் பணிஸ் துணுக்கைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுத் தலையசைத்தார். பயிற்சிக்கு வந்த நாங்கள் ஆறு பேர் ஓரமாக, பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தோம். கடிதம் சரியாக இருந்தது. ஹெலன் கணினியில் தேடினார். திரை நிறைய வரிசை வரிசையாக ஒரே வாசகம் வந்தது: 'பெயர் மறைக்கப்பட்டுள்ளது.'

விஷயம் இதுதான். இறந்தவர் பெயரைச் சொல்வது பூர்வகுடிகளுக்கு மனவருத்தம் தரும் என்று எங்கோ யாரோ படித்திருக்கிறார்கள். உடனே ஒரு குழு கூடி, மரியாதையின் பொருட்டு, இறந்தவர் பெயர் அத்தனையையும் கணினியிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் போனதும் எந்த உறை யாருடையது என்பதும் போய்விட்டது. இதை ஹெலன் மிக மென்மையாக விளக்கினார்.

ஆன்ட்டி ஜாய்ஸ் அவரையே பார்த்தார். "அது வடக்கே இருக்கிற சனங்க வழக்கம் கண்ணு. அங்கயும் கொஞ்ச காலத்துக்குத்தான். நாங்க தெக்கத்தி ஆளுங்க. எங்கம்மா பேரை நான் தினமும் சொல்றேன். எங்களை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. டெல்லிக்காரர் ஒருவர் நம்மையெல்லாம் மதராஸி என்று ஒரே இலையில் உட்காரவைப்பது நினைவுக்கு வந்தது. அவராவது மரியாதைக்காகச் செய்தேன் என்று சொல்வதில்லை.

ஹெலனின் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். குழுவுக்கு எழுதுவதாகச் சொன்னார். ஆன்ட்டி முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ஆறு மணி நேரப் பயணம், மூன்று தடவை, இந்தத் திரையைப் பார்ப்பதற்கா? எனக்குத் தாங்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் கற்ற ஒரே வித்தை பதிவேடு பார்ப்பது. வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் ஒரே மாதிரி இருப்புப் பதிவேடு போட்டிருக்கிறான். எங்கள் ஊரிலும் அதே கட்டங்கள்தான்: எண், பொருள், இடம், யாரிடம் பெற்றது, குறிப்பு. கணினிக்கு முன்னால் இருந்த காகிதப் பதிவேடு எங்கே என்று கேட்டேன்.

"கீழே இருக்கிறது. யாரும் அதைத் திறப்பதில்லை" என்றார் ஹெலன்.

யாரும் திறக்காததால்தான் அதில் மரியாதை ஏறாமல் இருந்தது. தள்ளுவண்டியில் வந்த பதிவேடு தோல் அட்டை போட்டுக் கனமாக இருந்தது. மிஷன் பெயரைத் தேடி விரலை வைத்து இறங்கினேன். நான்கு பக்கத்தில் கிடைத்துவிட்டது. தலைமுடி, சிறுமி, வயது சுமார் ஒன்பது. பெயரும் இருந்தது. ஆன்ட்டி சொன்ன அதே பெயர். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் அந்தப் பழைய எழுத்தர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். உரக்கப் படிக்கத் தயக்கமாக இருந்தது. படித்தேன்.

"அடங்கவில்லை."

ஆன்ட்டி ஜாய்ஸ் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவதான்! அவளேதான்! எழுதிக்குங்க, இதைவிட உறவுக்கு ஆதாரம் வேணுமா?"

எண் தெரிந்ததும் உறை பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. பழுப்பேறிய சிறிய காகித உறை. பழைய மருந்து ஏதாவது தடவியிருக்கலாம், தொடுபவர்களுக்கே ஆபத்து என்று ஹெலன் கையுறை கொடுத்தார். ஆன்ட்டி ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். உள்ளே நூலால் கட்டிய ஒரு கற்றை. கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தேன் நிறத்தில், நுனி சுருண்டு இருந்தது.

"மிஷன்ல எப்பவும் மொட்டையா வெட்டிவிட்டுடுவாங்க" என்றார் ஆன்ட்டி. "எனக்கு விவரம் தெரியறப்ப அவளுக்கு நரைச்சிருச்சு. இந்த நிறம்னு எனக்குத் தெரியாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஜன்னல் இல்லை, அலமாரிதான் இருந்தது.

பிறகு அவர் உறையை மூடி, "சரி, ஒரு பை குடுங்க. நான் கிளம்பணும்" என்றார். ஹெலன் பழைய நிலைக்குத் திரும்பினார். திருப்பிக் கொடுப்பதில் அருங்காட்சியகம் முழு மனதோடு இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும், குழு கூட வேண்டும், குழு இனி அடுத்த வருடம்தான் கூடும்.

"அவ முடியை வெட்டினப்ப எந்தக் குழு கூடிச்சு?" என்றார் ஆன்ட்டி.

தேநீர் வேண்டுமா என்று ஹெலன் கேட்டார்.

"வேணும்" என்றார் ஆன்ட்டி. அவருக்கென்று போட்டிருந்த கைவைத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ரெண்டு சர்க்கரை. நான் இப்படி உக்காந்திருக்கேன். நீங்க கூடிட்டு வாங்க."

அதன் பிறகு நடந்ததுதான் பயிற்சி. இரண்டு மணி நேரம் முடிந்தது, அவர் எழவில்லை. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. ஒவ்வொரு கூட்டத்திலும் வாழும் மூத்தோருக்குத் தலைவணங்குகிற நிறுவனத்தில், ஒரு வாழும் மூத்தோரை எழுந்திருங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. துறைத் தலைவர் வந்தார், மரியாதை செலுத்தினார், போனார். இன்னொருவர் வந்து பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார். கதவைப் பூட்ட வந்த பஞ்சாபிக் காவலர் எட்டிப் பார்த்து, "வணக்கம் ஆன்ட்டி, மெதுவா ஆகட்டும்" என்று சொல்லி வெளியே காவல் நின்றார். ஆன்ட்டி உறையை மடியில் வைத்து, என் தொலைபேசியில் என் குடும்பப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்கு இயக்குநரே இறங்கி வந்தார். குழுவினரைத் தொலைபேசியில் கூட்டிப் பேசிவிட்டாராம். அத்தனை பேரையும் கூட்ட அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். பொருள் வெளியே போவதற்குக் கையில் இருந்தது இரவல் படிவம் மட்டுமே. அதில் 'திருப்பித் தரும் தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. புதைக்கப்போகிற முடிக்கு என்ன தேதி போடுவது? எல்லோரும் அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார்கள். ஹெலன்தான் பேனாவை எடுத்தார். அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அரசுப் படிவத்தை அடித்துத் திருத்துவது எவ்வளவு பெரிய வீரம் என்று எனக்குத் தெரியும். அன்று முழுவதும் அவரைக் கேலி செய்து குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

சிவா வேனோடு வந்திருந்தான். ஆன்ட்டியை கிரான்பர்ன் வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். முன் இருக்கையில், உறையைப் போட்டுக் கொடுத்திருந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்து அவர் உட்கார, நான் வெங்காய மூட்டைகளோடு பின்னால் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னதும் சிவா ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான்.

"இருந்து வெண்டிட்டீங்கள் அன்ரி!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு அவருக்காக, உட்கார்ந்தே ஜெயித்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். "நானும் நாளைக்குக் குடிவரவு ஒஃபிசிலை போய் இருக்கப்போறன்."

"என்னைக் கூப்பிடு, நானும் வரேன்" என்றார் ஆன்ட்டி.

வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் பாதி திரும்பி என்னைப் பார்த்தார். "உன் மியூசியத்துல எங்களை மாதிரி ஆளுங்க சாமான் இருக்கா?"

"இருக்கிறது" என்றேன். "மலைவாழ் மக்களுடையது."

"பாக்க வருவாங்களா?"

ஒருமுறை வந்தார்கள். ஒரு புருஷனும் பெண்சாதியும், மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர்கள் ஆட்களில் மாப்பிள்ளை தன் கையால் மூங்கில் சீப்பு செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பான். வந்திருந்தவளின் அம்மாவுக்கு அவள் அப்பா செதுக்கிக் கொடுத்த சீப்பை எப்போதோ ஓர் அதிகாரி வாங்கிவந்து எங்களிடம் சேர்த்திருக்கிறார். ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். சென்னையில் துறைத் தலைமைக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து உத்தரவு வாங்கி வாருங்கள் என்றேன். சரிங்க சார் என்று போனார்கள். பிறகு வரவில்லை. சீப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். சாவி என் மேசையில்தான் இருந்தது.

இவ்வளவையும் ஆன்ட்டியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அவங்க ஏன் என்னை மாதிரி அங்கயே உக்காரல?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான், அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.